ஸ்டெல்லா சீடி

போன மாதம் கரியாலூருக்குப் போயிருந்தோம். அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று யாரோ சொன்னதை நம்பி வீட்டுக்காரர் காரை எடுத்தார். போய்ப் பார்த்தால் பாறை நனைகிற அளவுக்குத்தான் தண்ணீர். சரி, மலை ஏறி வந்ததற்கு எதையாவது தின்றுவிட்டுப் போவோம் என்று சாலையோரக் கடை ஒன்றில் நிறுத்தினோம். மகள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு காரிலேயே இருந்துவிட்டாள். கடையில் கொய்யா, அன்னாசிக் கீற்று, ஒரு பக்கம் தணலில் மக்காச்சோளம், கூரையின் ஓரத்தில் ஒரு வாழைத்தார். தாருக்குப் பக்கத்தில் ஒரு சீடி நூலில் தொங்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. அணிலும் குருவியும் பழத்தில் வாய் வைக்காமல் இருக்க எல்லோரும் கட்டுவதுதானே என்று நானும் சும்மாதான் பார்த்தேன். அது மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, மேல்பக்கத்தை என் பக்கம் திருப்பியது.

எனக்கு வயிறு எரிந்தது. அதில் இருந்தது ஸ்டெல்லாவின் கையெழுத்து.

உங்களுக்கு ஸ்டெல்லாவைத் தெரியாது. தெரியாதது நல்லதுதான். தெரிந்திருந்தால் உங்களுக்கும் என்னைவிட அவளைத்தான் பிடித்திருக்கும். பார்த்த எல்லோருக்கும் அப்படித்தான் ஆனது.

கள்ளக்குறிச்சி மாவட்டமாக ஆவதற்கு வெகு காலம் முன்பு, பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. படியேறும் வரைக்கும் யூரியா வாசனை. கண்ணாடிக் கதவைத் திறந்தால் ஏசியின் வாசனை. கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்பது சாரின் கட்சி. சார் என்றால் சென்டரின் சொந்தக்காரர். நாங்களும் சாமி கும்பிடப் போகிற மாதிரி வெறுங்காலோடு உள்ளே போவோம். சரஸ்வதி பூஜை முடிந்து பல நாள் ஆகியும் மானிட்டர்களின் நெற்றியில் குங்குமம் இருக்கும். யாராவது துடைத்தால் சாருக்குக் கோபம் வரும்.

நான் உள்ளறையில் பாடம் எடுப்பவள். ஸ்டெல்லா முன்னறை மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களைக் கவனிப்பவள். அவளுக்குத் தியாகதுருகம் பக்கம் ஒரு சின்ன ஊர். அப்பா அம்மா இரண்டு பேரும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். அவர்கள் ஊர் மாதாகோயில் வாசலில் ஒரு கரும்பலகை உண்டாம். ஞாயிறுதோறும் அதில் வசனம் எழுதுவது சின்ன வயதிலிருந்தே இவள் வேலையாம். அங்கே பழகிய எழுத்து அது. சொல்லும்போதே எனக்குக் கடுப்பாக வருகிறது. நானும் சின்ன வயதில் இரட்டைக் கோடு, நான்கு கோடு எல்லாம் போட்டு எழுதியவள்தான். என் எழுத்துக்கு மட்டும் ஏன் அந்த வளைவு வரவில்லை?

முன்னறையில் ஒரே ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர். உள்ளறையில் இருந்தவை எல்லாம் லினக்ஸ். சார் கொள்கைக்காக அப்படிச் செய்தார் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய கம்ப்யூட்டர்களை மொத்தமாக வாங்கினார், விண்டோஸ் வாங்க மனசு வரவில்லை. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சீடியைப் போட்டுக்கொண்டார். அதனால் ஊரில் யாருக்கும் தெரியாத ஒரு வித்தை எனக்குத் தெரிந்ததாக ஆயிற்று.

இப்போது பென் டிரைவைச் செருகினால் அதுவாகத் திறந்துகொண்டு நிற்கிறது. அன்றைக்கு உள்ளறையில் அந்தச் சௌகரியம் கிடையாது. சீடியைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளினால், விர்ரென்று சுற்றிவிட்டு கம்ப்யூட்டர் கம்மென்று கிடக்கும். நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும்: இந்த டிரைவில் ஒரு சீடி இருக்கிறது, அதில் கோப்புகளை அடுக்கியிருக்கும் முறை இன்னது, அதைக் கொண்டுவந்து இந்த ஃபோல்டரில் பொருத்து என்று. இதற்கு மவுண்ட் செய்வது என்று பெயர். கருப்புத் திரையில் ஒற்றை வரி. ஓர் இடைவெளி தவறினாலும் நடக்காது. சரியாக அடித்து என்டர் தட்டினால் திரையில் ஒன்றுமே வராது. ஒன்றும் வராமல் இருந்தால்தான் ஜெயித்தோம் என்று அர்த்தம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள். அப்புறம் நான் அந்த ஃபோல்டருக்குள் போய்க் காட்டுவேன். உள்ளே பாட்டும் படமும் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

வெளியே எடுப்பதற்கும் அதே கதைதான். பொருத்தியதைக் கழற்றச் சொல்லாமல் டிரைவின் பொத்தானை அழுத்தினால் தட்டு திறக்காது. குத்தினாலும் திறக்காது. "அக்கா, சீடி வர மாட்டேங்குதுக்கா" என்று ஒரு குரல் வரும். நான் மெதுவாகத்தான் எழுந்து போவேன். அவசரப்பட்டால் மரியாதை போய்விடும் பாருங்கள். கழற்றுவதற்கான வரியை அடித்ததும் தட்டு நாக்கை நீட்டுகிற மாதிரி வெளியே வரும். என் சின்ன ராஜ்ஜியம் அவ்வளவுதான். அதைப் பங்கு கேட்க யாரும் வராத வரைக்கும் நான் நல்லவளாகத்தான் இருந்தேன்.

ஸ்டெல்லா பங்கு கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மார்க்கர் பேனாவின் வாசனை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? பெட்ரோலும் நகச்சாயமும் கலந்த மாதிரி, தலை லேசாகக் கிறுகிறுக்கும். எங்கள் சென்டரில் சீடி பதிந்து கொடுக்கும் வேலையும் உண்டு. கல்யாணப் படம், காலேஜ் பிராஜக்ட், கோயில் திருவிழா என்று எதுவானாலும் உள்ளறையில் நான் பதிவேன். பதிந்ததை முன்னறைக்கு அனுப்புவேன். அங்கே ஸ்டெல்லா அந்த மார்க்கரால் மேல்பக்கத்தில் எழுதுவாள். வட்டத்தின் விளிம்பை ஒட்டியே எழுத்தை வளைத்துக்கொண்டு போவாள். 'று'வின் வால் அடுத்த எழுத்துக்குக் கீழே குடை பிடிக்கும். வந்தவர்கள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். "நீதான் போட்டியா கண்ணு? சூப்பரா கீது" என்று அவளைப் பார்த்துச் சொல்வார்கள். அவள் உள்ளறையைக் கைகாட்டி, "அக்காதாங்க போட்டாங்க, நான் பேரு மட்டும்தான் எழுதுனேன்" என்பாள். அவர்கள் உள்ளறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கீபோர்டைத் தட்டிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் ஒரு ஸ்டுடியோக்காரர் தன் சீடியில் இருந்து படங்களை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன். கழற்றச் சொன்னால் மறுக்கிறது. டிரைவ் வேலையாக இருக்கிறது என்கிறது. அதாவது, அந்த ஃபோல்டருக்குள் யாரோ இன்னும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவர் கால் மாற்றிக் கால் நிற்கிறார். உள்ளறைக் கம்ப்யூட்டர்கள் ஒயரில் இணைந்தவை, எதிலிருந்தும் அதற்குள் நுழையலாம். நான் ஒவ்வொரு பிள்ளையாக விசாரிக்கிறேன். "யாருடா உள்ள குந்திகினு கீறது? ஒழுங்கா வெளிய வாங்க." எல்லோரும் கையை விரிக்கிறார்கள். ஸ்டெல்லா கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "அக்கா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா வராதா?" என்றாள். லினக்ஸை அப்படியெல்லாம் செய்யக் கூடாது என்று நான் பாடம் எடுக்க ஆரம்பிப்பதற்குள் ஸ்டுடியோக்காரரே சுவிட்சை அணைத்துப் போட்டுவிட்டார். தட்டு திறந்தது. "ரொம்ப டேங்ஸும்மா" என்றார், ஸ்டெல்லாவிடம். அந்த ஃபோல்டருக்குள் உட்கார்ந்திருந்தது நானேதான் என்பது சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது. அதே கம்ப்யூட்டரில் இன்னொரு கருப்புத் திரையைத் திறந்து அங்கே போனவள் வெளியே வரவே இல்லை. இதை யாரிடம் சொல்ல முடியும், சொல்லுங்கள்?

இந்த நேரத்தில்தான் சார் உளுந்தூர்பேட்டையில் ஒரு கிளை திறப்பதாகச் சொன்னார். நெடுஞ்சாலை ஊர், பிள்ளைகள் நிறைய வருவார்கள். அதற்குப் பொறுப்பாக ஓர் ஆள் வேண்டும். எனக்கு அந்த நாற்காலி தேவைப்பட்டது. ஆசை என்று சொன்னால் போதாது. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒரு நாள் நெல்லைத் தூற்றிக்கொண்டே சொன்னார்: "அவங்க கேட்டுகினே இருக்காங்கம்மா. உளுந்தூர்பேட்ட பொறுப்பு உனக்குன்னு ஆச்சுன்னா சொல்லு, ரெண்டு வருசம் போவட்டும்னு நானே சொல்லிர்றேன். இல்லன்னா இந்தத் தையில முடிச்சுர்லாம்." அவர் வாக்குத் தவறாதவர். ஆகவே என் இரண்டு வருடம் சாரின் கையில் இருந்தது.

அதே வருடம்தான் இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்தது. டெல்லியில் டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் ஒதுக்கீடு வேண்டாம் என்று வெள்ளைக் கோட்டோடு தெருவைக் கூட்டிக் காட்டினார்கள். நிஜமாகவே தெருக் கூட்டுகிறவர்களின் வீட்டுப் பிள்ளைகள் எங்கள் முன்னறை டிவியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒதுக்கீட்டை ஆதரித்து ஊர்வலம், உண்ணாவிரதம், மறியல். மறியல் என்றாலே, முன்பொரு போராட்டத்தில் ரோடெல்லாம் மரம் வெட்டிக் கிடந்ததை அப்பா சொல்ல ஆரம்பித்துவிடுவார். நான் பஸ் ஓடுமா ஓடாதா என்று பார்த்துத்தான் வீட்டை விட்டுக் கிளம்புவேன்.

போராட்டக் குழுவில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். அவர் ஒரு காலை சாரிடம் வந்தார். ஒதுக்கீடு என்றால் என்ன, சாதிச் சான்று எங்கே வாங்குவது, எந்தப் படிப்புக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று சின்னச் சின்ன வீடியோப் படங்களாக எடுத்து வைத்திருந்தார். அதைச் சீடியாகப் போட்டு ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்க வேண்டும். "நாளைலேர்ந்து மறியல் சார். வண்டி எதுவும் ஓடாது. இன்னைக்குச் சாயங்காலம் ஜீப்பு கல்வராயன் மலைக்குப் போவுது, அதுல ஏத்தி வுட்ரணும்" என்றார். சார் என்னைப் பார்த்து, "இத நல்லபடியா முடிச்சுக் குடும்மா" என்றார். அந்தப் பார்வையில் உளுந்தூர்பேட்டை தெரிந்தது.

நான் எவ்வளவு சிரத்தையாகச் செய்தேன் என்று கேளுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் நீளமாக, விளக்கமாகப் பெயர் வைத்தேன். எல்லாப் பெயரும் இடஒதுக்கீடு என்ற சொல்லில் தொடங்கும்படி ஆங்கில எழுத்தில் அமைத்தேன். ஒன்றைப் பதிந்து, மவுண்ட் செய்து பார்த்தேன். பெயர்கள் அணிவகுத்து நின்றன. எனக்கே என் மேல் பெருமை தாங்கவில்லை. அப்புறம் மடமடவென்று எல்லா சீடியையும் பதிந்து முன்னறைக்குத் தள்ளினேன். மத்தியானம் தாண்டி ஸ்டெல்லா கையில் ஒரு சீடியோடு வந்தாள்.

"அக்கா, என் மெஷின்ல போட்டா எல்லாப் பேரும் ஒரே மாதிரி தெரியுதுக்கா. பாதியில வெட்டிகினு கீது. கடைசியில நம்பர் மட்டும்தான் வேற வேற. இன்னான்னு பாருங்களேன்."

"உன் மெஷின்ல தெரியலன்னா அது உன் மெஷின் கோளாறு. இங்க வா" என்றேன். அவள் கையில் இருந்ததை வாங்கி என் டிரைவில் போட்டு, மவுண்ட் செய்து, பெயர்களைத் திரையில் ஓடவிட்டேன். எல்லாம் அட்சர சுத்தமாக இருந்தன. "இப்ப தெரியுதா?"

அவள் திரையைப் பார்த்தாள். "ஆமாங்க்கா" என்று சீடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிறகுதான் எனக்கு உறைத்த விஷயம் இது. நீளமான பெயர்கள் விண்டோஸிலும் தெரிய வேண்டும் என்றால், பதிகிற வரியில் இன்னும் ஓர் எழுத்தைச் சேர்க்க வேண்டும். நான் சேர்க்கவில்லை. லினக்ஸில் பார்த்தால் பெயர் முழுதாகத் தெரியும். விண்டோஸில் பார்த்தால் தலை மட்டும் மிஞ்சும். எல்லாத் தலையும் இடஒதுக்கீடு. ஊரிலும் மலையிலும் உள்ள அத்தனை பள்ளிக்கூடத்திலும் விண்டோஸ்தான். என்னைத் தவிர யாருக்கும் தெரியாத வித்தை என்று பெருமைப்பட்டேனே, அதே வித்தை தெரிந்த ஒருத்திதான் அப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். அன்றைக்கே தெரிந்திருந்தாலும் மறுபடி பதிய நேரமும் இல்லை, வெறும் சீடியும் இல்லை.

ஸ்டெல்லா இதை யாரிடமும் சொல்லவில்லை. தன் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எண்ணாகத் திறந்து பார்த்து, எதில் என்ன படம் இருக்கிறது என்று கண்டுகொண்டாள். ஜீப் வருகிற வரைக்கும் மேசையை விட்டு எழாமல், ஒவ்வொரு சீடியின் மேல்பக்கத்திலும் எண்ணைப் போட்டு, அந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று எழுதினாள். வட்டத்தைச் சுற்றி வளைத்து, பொடி எழுத்தில், அதே அழகோடு. கண்ணாடி வழியாக நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எவ்வளவு அலங்காரம் பண்ணுகிறாள் பார் என்று நினைத்தேன். ஒரு தடவைகூட எழுந்து போய் என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை.

மறியல் முடிந்து பஸ் ஓட ஆரம்பித்ததும் வாத்தியார் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "சார், நாங்க இதுக்கு ஸ்டெல்லா சீடின்னே பேரு வெச்சுட்டோம். போற எடமெல்லாம் இன்னும் இருக்கான்னுதான் கேக்குறாங்க. உள்ள பேரெல்லாம் கந்தரகோளமா கீது சார், ஒண்ணும் புரியல. இந்தப் பொண்ணு மட்டும் மேல எழுதலன்னா நாங்க மானம் போய் வந்திருப்போம்." சார் ஸ்டெல்லாவைப் பார்த்தார். அப்புறம் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டு மார்க்கருக்கு மூடி போட்டாள். அவள் அன்றைக்கே என்னைப் போட்டுக் கொடுத்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அந்த நிம்மதியையும் கொடுக்காமல் போனாள்.

உளுந்தூர்பேட்டை அவளுக்குப் போயிற்று. "நீ உள்ரூமுக்கு வேணும்மா. மவுண்ட் பண்ண உன்ன வுட்டா ஆளு ஏது?" என்று சார் சமாதானம் சொன்னார். கொஞ்ச நாளில் பத்திரிகையோடு லினக்ஸின் புதிய பதிப்பு வந்தது. அதில் சீடியைப் போட்டதும் திரையில் ஒரு படம் தானாக முளைத்தது. அதைத் தட்டினால் திறந்துகொண்டது. மவுண்ட் வரியும் வேண்டாம், நானும் வேண்டாம். தையில் எனக்குக் கல்யாணம் ஆனது. ஸ்டெல்லா வந்திருந்தாள். பரிசுப் பொதியின் மேல் என் பெயரை எழுதியிருந்தாள். என் பெயர் அவ்வளவு லட்சணமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பொதியைப் பிரிக்கும்போது அந்தக் காகிதத்தை வேண்டுமென்றே கிழித்தேன்.

வீட்டுக்காரர் தங்கமானவர், அதில் குறை இல்லை. நானும் பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராகி, இன்றைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பஸ்ஸில் உளுந்தூர்பேட்டையைத் தாண்டும் போதெல்லாம் முகத்தை மறுபக்க ஜன்னலுக்குத் திருப்பிக்கொள்வேன். சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

கரியாலூர்க் கடையில் நான் அந்த சீடியையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கடைக்கார அம்மா கவனித்துவிட்டார்.

"அத இன்னாத்துக்குங்க அப்டி பாக்குறீங்க? எங்க பெரிய பொண்ணு பன்னெண்டாவது படிக்கும்போது ஜீப்புல வந்து பள்ளிக்கூடத்துக்குக் குடுத்ததுங்க. அப்பல்லாம் எங்களுக்கு இன்னா தெரியும்? சாதிச் சான்று எப்டி வாங்கணும், எங்க எழுதிப் போடணும்னு எல்லாம் அதுல சொல்லிகினு இருந்தாங்க. மேலயே எழுதியிருந்துச்சு, நாலாவதப் போடுன்னு. டீச்சரு போட்டுக் காட்டுனாங்க. அதப் பாத்துதான் அவங்கப்பா சான்றுக்கு அலைஞ்சாரு. பொண்ணு இப்ப சேலத்துல நர்ஸுங்க. பள்ளிக்கூடத்துல தூக்கிப் போட்டப்ப நான்தான் கேட்டு வாங்கியாந்தேன். அத எழுதுன மகராசி நல்லா இருக்கணும்."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அதுக்குள்ள இருக்கறத எல்லாம் பதிஞ்சது நான்தாங்க" என்றேன்.

"அப்டீங்களா?" என்று அந்த அம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். சோளத்தை ஒரு புரட்டுப் புரட்டினார். "மேல எழுதுனது?"

"அது வேற ஆளுங்க."

"அவங்க நல்லா இருக்காங்களா?"

பாருங்கள், பழம் வாங்க வந்தவள் நான், குசலம் விசாரிப்பது அவளை. நல்லா இருக்காங்க என்றேன். அந்த சீடியைக் கேட்டேன். முதலில் அவருக்கு மனசே இல்லை. அணிலுக்கு வேறு என்ன கட்டுவது என்றார். நான் கைப்பையில் இருந்த முகம் பார்க்கும் வட்டக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். அதை வெயிலில் ஆட்டிப் பார்த்துவிட்டு, நூலை அவிழ்த்தார்.

வீட்டில் இருக்கும் லேப்டாப்பில் சீடி போட வாயே கிடையாது. பள்ளிக்கூட ஆய்வகத்தின் பழைய பெட்டியைக் கிளறி, ஒயரில் மாட்டுகிற டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்தேன். சீடியைப் பஞ்சால் துடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். கருப்புத் திரையைத் திறந்து பழைய வரியை அடித்தேன். மறந்திருப்பேன் என்று நினைத்தேன், விரல்கள் மறக்கவில்லை. டிரைவ் சுற்றியது, முனகியது, நின்றது. உள்ளே எதுவுமே இல்லை என்று திரையில் வந்தது. மறுபடி துடைத்தேன், மறுபடி அடித்தேன். அதே பதில். எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே வெள்ளிப் பூச்சு அங்கங்கே அரித்துப்போய், மறுபக்கம் தென்னைமரம் தெரிகிறது. நான் பதிந்தவை எல்லாம், முழுப் பெயரும் வெட்டுப்பட்ட பெயரும், ஒன்றுகூட மிச்சமில்லாமல் போயிருந்தன.

மேல்பக்கத்தில் ஓர் எழுத்தும் போகவில்லை. நூல் கட்டிய இடத்தில் மட்டும் லேசாகத் தேய்ந்திருந்தது. கூரை நிழல் காப்பாற்றியிருக்கிறது. 'நான்கு: சாதிச் சான்று பெறும் முறை.' 'று'வின் வால் அன்றைக்கு மாதிரியே குடை பிடித்துக்கொண்டிருந்தது.

"உள்ள ஒண்ணும் இல்லியாம்மா?" என்றாள் மகள்.

"இல்ல."

"ஆனா இந்த எழுத்து எவ்ளோ அழகா இருக்கு! யாரும்மா எழுதுனது?"

உரக்கடை மாடி இப்போது செல்போன் ஷோரூம். படியேறினால் யூரியா வாசனை வருவதில்லை, செருப்பைக் கழற்றச் சொல்ல ஆளில்லை. சார் மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். வாத்தியார் காலமாகிவிட்டார். நாக்கை நீட்டும் தட்டு எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை. மார்க்கர் வாசனையோடு முன்னறையில் குனிந்திருந்தவளைப் பார்த்தவர்களில் இந்த வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான். ஸ்டெல்லா எங்கேயோ நன்றாகத்தான் இருப்பாள். நான் சொல்லப் போவதை அவளே இங்கே நின்று கேட்டாலும், "ஆமாங்க்கா" என்றுதான் சொல்வாள்.

"நான்தான்" என்றேன்.